கான்கிரீட்டுக்குக் கொடுக்கிற 14 நாள்

நெல்லைச் சீமையில் வெயிலில் ஆள் நிறுத்தி வேலை வாங்கும் கட்டட ஒப்பந்தக்காரர்கள், மேஸ்திரிமார்கள், செங்கல் சூளையும் கல் குவாரியும் நடத்தும் அண்ணாச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் வண்ணார்பேட்டையில் ஒரு டீக்கடையில் நம் ஆட்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். ஒரு அண்ணாச்சி செல்போனில் எதையோ படித்துவிட்டுச் சிரித்தார். "பின்லாந்துக்காரன் சூடான ரூமுக்குள்ள போய் உக்காந்து வேர்க்கானாம்லா. அவனுக்கு நெஞ்சுவலியே கம்மியாத்தான் வருதாம். அவன் துட்டு குடுத்து வேர்க்கான், நம்ம பயலுவ துட்டு வாங்கிட்டு வேர்க்கானுவ. குடுத்து வச்சவனுவ!" எல்லோரும் சிரித்தோம். நானும்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்ட பிறகுதான் அதற்குப் பதில் தோன்றியது. கடையிலேயே சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

நான் யாரோ எவரோ இல்லை. 16 வயதில் கையாளாகச் சட்டி தூக்க வந்தவன். அப்புறம் கொத்தனார், மேஸ்திரி. இப்போது பாளையங்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் சின்ன வீடுகள் ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். இரண்டு வருஷமாகப் பிபி மாத்திரையும் உண்டு. மகள் பிசியோதெரபி படித்தவள். அவள் புத்தகத்தில் இருப்பதை எனக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொல்ல, நான் சாரத்தில் நின்று பார்த்ததெல்லாம் ஒவ்வொன்றாகப் பொருந்தியது. அதைத்தான் இங்கே வைக்கிறேன். டாக்டர் பேச்சு என்று நினைக்க வேண்டாம், தொழில்காரன் பேச்சு.

முதலில் அந்த அண்ணாச்சி படித்தது பொய்யில்லை. பின்லாந்தின் கிழக்குப் பகுதியில் 2,315 நடுவயது ஆண்களை ஏறத்தாழ 20 வருஷம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 2015இல் வெளியான ஆய்வு. வாரத்தில் 4 முதல் 7 தடவை சவுனா என்கிற அந்தச் சூடான ரூமுக்குப் போனவர்களுக்கு, வாரம் ஒரே தடவை போனவர்களைவிடத் திடீர் இதய மரணம் 63 சதவீதம் குறைவாக இருந்ததாம். அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் இளவயது ஆட்களை 8 வாரம், வாரத்துக்கு நாலைந்து தடவை சுடுதண்ணீர்த் தொட்டியில் உட்கார வைத்துப் பார்த்தபோது அவர்களுடைய இரத்தக் குழாய்கள் முன்னைவிட நன்றாக விரிந்தன, விறைப்பு குறைந்தது, இரத்த அழுத்தமும் இறங்கியது. காரணமும் சொல்கிறார்கள். சூட்டில் இரத்தம் வேகமாக ஓடும்போது குழாயின் உட்சுவரை உரசுகிறது. அந்த உரசலில் அந்தச் சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடுகிறது. அதுதான் குழாயைத் தளர்த்தி விரிய வைக்கிறது. தினம் கொஞ்சம் என்று பழக்கினால் குழாய் இளக்கமாகவே இருக்கும்.

சரி. ஆனால் அந்தப் பின்லாந்துக்காரர் உள்ளே உட்காருவது சராசரியாகக் கால் மணி நேரம். உட்காருகிறார், அவ்வளவுதான். தலையில் சட்டி இல்லை. போதும் என்று தோன்றினால் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடலாம், வெளியே குளிர்ந்த தண்ணீர் காத்திருக்கும். அடிக்கடி சவுனாவுக்குப் போகிறவர் முன்பே கொஞ்சம் திடகாத்திரமான ஆளாக இருக்கவும் வாய்ப்புண்டு. நம் கையாள் பையனுக்குக் கதவு எங்கே அண்ணாச்சி? கதவின் சாவி நம் கையில் அல்லவா இருக்கிறது?

வெக்கையில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று நம் பாஷையில் சொல்கிறேன். இதயம் ஒரு மோட்டார். சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 5 லிட்டர் இரத்தம் தள்ளும். உள்ளே சூடு ஏறினால் அதை வெளியே கொண்டுவந்து கொட்டுவதற்காகத் தோலுக்கு அடியில் இருக்கும் சின்னக் குழாய்கள் அத்தனையும் திறந்துகொள்ளும். கடும் வெக்கையில் தோலுக்கு மட்டுமே நிமிஷத்துக்கு 6, 7 லிட்டர் வரைக்கும் ஓடும் என்று அளந்திருக்கிறார்கள். அதே நேரத்தில் சட்டி தூக்குகிற கைகால் தசைக்கும் இரத்தம் வேண்டும். எங்கிருந்து எடுப்பது? குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற கேட் வால்வைப் பாதி அடைத்து எடுக்கும். மோட்டாரும் வேகம் கூட்டும். இதற்கிடையில் வேர்வை. கடுமையான வேலையில் மணிக்கு ஒரு லிட்டர், சிலருக்கு அதற்கு மேலும் வேர்க்கும். வேர்வை போகப் போக இரத்தத்தில் இருக்கும் தண்ணீரும் குறையும். அதாவது ஒரு பக்கம் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டிருக்கிறோம், இன்னொரு பக்கம் தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்கிக்கொண்டே வருகிறது.

இந்த நிலைமையில் வீட்டில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கீழ்த்தளத்தில் எல்லாக் குழாயும் ஓடினால் மாடியில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். உடம்பில் மாடி என்பது தலை. சித்தாள் குனிந்து நிமிரும்போது கண் இருட்டுகிறது என்பாள். வேலை முடிந்து சும்மா நின்றவன் பொத்தென்று விழுவான். வேலை செய்யும்வரை காலின் கெண்டைச்சதை இறுகி இறுகி இரத்தத்தை மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. நின்றதும் அந்த உதவியும் நின்றுவிடுகிறது. நாம் இதைச் "சாப்பிடாம வந்திருப்பான்" என்று முடித்துவிடுகிறோம்.

மட்டம் இறங்கினால் இரத்தம் கெட்டிப்படும் என்பது அடுத்த வில்லங்கம். 1986இல் வந்த ஓர் ஆய்வில் ஆட்களை 6 மணி நேரம் 41 டிகிரிக் காற்றில் வைத்துப் பார்த்தார்கள். இரத்தம் கெட்டிப்பட்டது, இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கை கூடியது. ஏற்கெனவே கொழுப்பு படிந்து குறுகிப்போன குழாய் உள்ளவனுக்கு இது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெப்ப அலை வந்த நாட்களில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிமேல்தான் நல்ல சேதி. உடம்பு வெயிலைப் படித்துக்கொள்ளும்.

தினமும் கொஞ்ச நேரம் வெக்கையில் வேலை செய்தால், முதல் நாலைந்து நாளிலேயே உடம்பு தன் தொட்டியைப் பெரிதாக்கிவிடும். சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கும். இரத்தத்தின் தண்ணீர்ப் பகுதி 10 சதவீதம் சுற்றுக் கூடும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்பின் இருக்கும். தொட்டி நிறைந்திருப்பதால் மோட்டார் ஒவ்வொரு தடவையும் நிறைய அள்ளித் தள்ளும், அதனால் நிதானமாக அடித்தால் போதும். அதே வேலை, அதே வெயில், நாடி மட்டும் நிமிஷத்துக்கு 15, 20 குறைந்துவிடும். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் வேர்வையும் மாறும். சீக்கிரமாகவே வேர்க்கத் தொடங்கும், நிறைய வேர்க்கும், ஆனால் உப்பு குறைவாக வெளியே போகும். இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். புதுப் பையனின் கறுப்புப் பனியனைச் சாயங்காலம் பாருங்கள், மழை ஊறிய சுவர் மாதிரி வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். இரண்டு வாரம் பழகியவன் பனியனில் அவ்வளவு இருக்காது.

ஆக, "நம்ம ஊர்க்காரனுக்கு வெயில் பழக்கம்" என்று நாம் சொல்வதில் பாதி உண்மை. பழக்கம் என்பது ஊரில் இல்லை, பிறப்பில் இல்லை, தோலின் நிறத்திலும் இல்லை. போன இரண்டு வாரம் அந்த உடம்பு எங்கே கிடந்தது என்பதில்தான் இருக்கிறது.

இது எனக்கு எப்படி உறைத்தது என்று சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு சித்திரையில், மாஞ்சோலைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த பையன் ஒருவன் என்னிடம் வேலைக்கு வந்தான். 19 வயது, நல்ல வாட்டசாட்டம். அங்கெல்லாம் ஆயிரம் மீட்டருக்கு மேலே, மேகம் வீட்டுக்குள் வந்து போகிற இடம். வந்த முதல் நாள் மணல் சலிப்பு. இரண்டாம் நாள் செங்கல் ஏற்றினான். மூன்றாம் நாள் கான்கிரீட் தளம் போட்டோம். தளம் போடும் நாளில் நிறுத்த முடியாது, உங்களுக்கே தெரியும். கலவை வந்துகொண்டே இருக்கும், ஆள் சங்கிலியாக நின்று சட்டி கை மாற வேண்டும். மதியம் ஒரு மணி வாக்கில் பையன் தாறுமாறாகப் பேச ஆரம்பித்தான். என்னை "சித்தப்பா" என்றான், யாரையோ "மழை வருது, துணியை எடு" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ராத்திரி அடித்த சரக்கு இன்னும் இறங்கவில்லை என்று சொல்லி ஓரமாக உட்காரச் சொன்னேன். அவன் குடிக்கவே மாட்டான் என்று பிறகுதான் தெரிந்தது. உட்கார்ந்தவன் சாய்ந்தான். ஒரு வயதான சித்தாள் அக்காதான் ஓடிப்போய் மேலைத் தொட்டுப் பார்த்து, "ஏ பாவிமக்கா, கொள்ளிக்கட்டை மாதிரி கொதிக்கு" என்று குடம் குடமாகத் தலையில் ஊற்றினாள். அந்த அக்கா இல்லாவிட்டால் இந்த மடலை நான் எழுதியிருக்க முடியாது, வேறு எங்காவது இருந்திருப்பேன். பையன் 9 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. பிழைத்துக்கொண்டான். திரும்ப என்னிடம் வேலைக்கு வரவில்லை, வர வேண்டும் என்று கேட்கவும் எனக்கு முகம் இல்லை.

2024க்குப் பிறகு அந்த எஸ்டேட்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் கீழே இறங்கியிருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் உங்கள் வேலை இடத்துக்கும் வருவார்கள்.

அந்த மூன்று நாளை மகளிடம் சொன்னபோது அவள் ஒன்று கேட்டாள். "நீங்க போட்ட தளத்துக்கு எத்தனை நாள் தண்ணி கட்டுனீங்க?" சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், வெயில் காலத்தில் 10, இப்போது நாமெல்லாம் வாங்குகிற சாம்பல் கலந்த சிமெண்டுக்கு வெயில் காலத்தில் 14. இது நமக்கு மனப்பாடம். கான்கிரீட் நன்றாக இறுக வேண்டும் என்று சுற்றிப் பாத்தி கட்டி, தண்ணீர் நிறுத்தி, வீட்டுக்காரரிடமும் சத்தியம் வாங்கிக்கொள்கிறோம். பாரம் ஏற்ற விடமாட்டோம். கான்கிரீட்டுக்குக் கொடுக்கிற அந்த 14 நாளைத்தான் மனுஷ உடம்பும் கேட்கிறது. கொஞ்சங்கூட மிகையில்லை, புத்தகத்திலும் அதே கணக்குத்தான் இருக்கிறது.

இதை நம்மைவிட முன்னால் கண்டுபிடித்தவர்கள் தர்மவான்கள் இல்லை. தென்னாப்பிரிக்காவில் தங்கச் சுரங்கம் ஆழம் போகப் போக உள்ளே வெக்கையும் ஈரமும் கூடி, 1920களில் ஆட்கள் வெப்பத்தாக்கில் சாகத் தொடங்கினார்கள். 1930களில் ட்ரியோஸ்டி என்ற மருத்துவர் புது ஆட்களைச் சூடான அறையில் வேலை செய்யவிட்டு, யாருக்கு வெக்கை தாங்குகிறது, யாருக்கு இல்லை என்று பிரித்துப் படிப்படியாகப் பழக்கினார். பின்னால் அதுவே முறையாகி, சுரங்கத்துக்குள் இறக்கும் முன் தினம் 4 மணி நேரம், 8 நாள், சூடான அறையில் படி ஏறி இறங்க வைத்தார்கள். அந்தக் கறுப்பினத் தொழிலாளர்கள் மேல் இருந்த பாசத்தால் செய்ததில்லை. ஆள் செத்தால் தங்கம் நின்றுபோகும். அந்தக் கல்நெஞ்சக் கணக்குக்கூட நம்மிடம் இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்புத் துறை சொல்கிற ஒரு விவரம் என்னை உட்கார விடவில்லை. வேலை இடத்தில் வெப்பத்தால் நடக்கும் சாவுகளில் ஏறத்தாழப் பாதி, அந்த ஆளின் முதல் நாளிலேயே நடக்கிறது. 70 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்துக்குள். வயசானவன், நோயாளி என்று நாம் பயப்படுகிறோம். பயப்பட வேண்டியது புதுசா வந்தவனை.

அங்கே பரிந்துரைக்கிற முறை இது. புது ஆளுக்கு முதல் நாள் வெயில் வேலை ஐந்தில் ஒரு பங்கு, அப்புறம் தினம் ஒவ்வொரு பங்கு கூட்டி, ஐந்தாம் நாள் முழு வேலை. மீதி நேரம் நிழல் வேலை கொடுக்கலாம், கம்பி வளைக்கிறது, ஆணி பிடுங்குகிறது, செங்கல் நனைக்கிறது என்று நம்மிடம் இல்லாத நிழல் வேலையா? கூலியைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் பையனே "நான் முழு வேலையும் பாக்கேன் அண்ணாச்சி" என்று வெயிலுக்கு ஓடுவான். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிழல் வேலையே இல்லை, மீதி நேரம் சும்மா உட்கார வைக்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். முதல் நாள் நமக்கு நஷ்டம் 80 சதவீதம், அடுத்து 60, 40, 20. மொத்தம் 200, அதாவது ஒரு ஆளுக்கு இரண்டு நாள் கூலி. எம்சாண்டு மணல் லோடில் அளவு குறைந்து நாம் ஏமாறுவது இதைவிட அதிகம். ஐந்து நாளில் பாடம் முடிந்துவிடுகிறது என்றும் நினைக்க வேண்டாம், மிச்ச ஒன்பது நாள் அவன் மேல் ஒரு கண் இருக்க வேண்டும்.

உடம்பு ஒரு விஷயத்தில் கான்கிரீட் மாதிரி இல்லை. இறுகிய தளம் இறுகியதுதான். வெயிலைப் படித்த உடம்பு, விட்டால் மறந்துவிடும். ஒரு வாரம் வெக்கையில்லாமல் இருந்தால் கொஞ்சம் போகும், மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் போய்விடும். மறுபடி பழகும்போது சீக்கிரம் வரும், அது ஒரு ஆறுதல். இந்த மறதிதான் நம் சீமையில் பெரிய பொறி. ஆனி ஆடியில் மலை தாண்டி வரும் காற்று குற்றாலத்திலும் செங்கோட்டையிலும் சாரலாகப் பொழிந்துவிட்டு, ஈரத்தைத் தொலைத்துவிட்டு, பாளையங்கோட்டைக்கு வரும்போது அனலாக வருகிறது. நடுவே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர்தான். அங்கே ஒரு மாதம் சாரலில் கிடந்தவன் இங்கே முதல் நாள் வேலைக்கு ஏறினால் அவனும் புது ஆள்தான். மஞ்சள் காமாலை, டைபாய்டு என்று படுத்து எழுந்து வந்தவனும் அப்படித்தான். ஏசி மாலில் காவல் வேலை பார்த்துவிட்டு வளைகுடாவிலிருந்து திரும்பியவனைப் பாலைவனத்திலிருந்து வந்தவன் என்று நம்பிவிடாதீர்கள். இப்படி இடைவெளி விட்டு வருகிற பழைய ஆட்களுக்கு முதல் நாள் பாதி, அடுத்து 60 சதவீதம், 80, நாலாம் நாள் முழுசு. நஷ்டம் ஒரு நாள் கூலியும் கொஞ்சமும்.

என்னிடம் பல வருஷம் இருந்த ஒரு கொத்தனார், 54 வயது, கோயில் கொடைக்கென்று ஊருக்குப் போய் இருபது நாள் கழித்து வந்தார். பூச்சு வேலை. வந்த இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டில் குளித்துவிட்டு உட்கார்ந்தவர் போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். வெயில்தான் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த அதிகாரம் இல்லை. பீடியும் உண்டு, பிபியும் உண்டு. ஆனால் அந்த இரண்டு நாளும் நான் அவருக்கு மேற்குச் சுவரைக் கொடுத்திருந்தேன். மதியத்துக்கு மேல் அந்தச் சுவர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

மாத்திரை போடுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நானும் அந்த ஜாதி. பிபிக்குக் கொடுக்கிற மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகம் போக வைக்கும், தொட்டி இன்னும் சீக்கிரம் வற்றும். சில மாத்திரைகள் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும், வெக்கையில் வேகம் கூட்ட நினைத்தாலும் முடியாது. இதற்காக யாரும் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, அது அதைவிட ஆபத்து. மாசி பிறந்ததும் டாக்டரிடம் போய், "நான் வெயிலில் வேலை செய்கிறவன், அளவு மாற்ற வேண்டுமா" என்று கேட்டால் போதும். சர்க்கரை நோய் நாள்பட்டவர்களுக்கு வேர்ப்பதே ஒழுங்காக இருக்காது. நம் ஆட்களில் யார் என்ன மாத்திரை போடுகிறார்கள் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், வேலையை விட்டு நிறுத்துவதற்கில்லை, கிழக்குச் சுவரையும் உள் வேலையையும் அவர்களுக்குக் கொடுப்பதற்கு.

தண்ணீர் விஷயத்தில் ஒரு பெரிய தப்பு நம்மிடம் இருக்கிறது. "பழகினவனுக்குத் தண்ணி தேவையில்ல, புதுசா வந்தவன்தான் பாட்டிலும் கையுமா அலைவான்" என்பது. நேர் எதிர். பழகியவனுக்குத்தான் அதிகம் வேர்க்கிறது, அவனுக்குத்தான் அதிகம் வேண்டும். தாகம் எடுத்த பிறகு குடித்தால் தொட்டி ஏற்கெனவே இறங்கியிருக்கும். கால் மணி, இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் என்பது கணக்கு. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளுவதும் தப்பு. காலையில் உப்புப் போட்ட நீராகாரமும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டு வந்த நம் அப்பாமார்கள் இதைப் படிக்காமலேயே செய்தார்கள். மோர் கலக்கிக் கொடுத்தால் ஆட்கள் ஆசையாகக் குடிப்பார்கள். பிபிக்காரர்கள் மட்டும் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அண்ணாச்சி, நான் சொல்ல வந்தது அந்தத் தண்ணீரை இல்லை. நம் சித்தாள்கள் தண்ணீர் குடிப்பதில்லை. கவனித்திருக்கிறீர்களா? குடம் பக்கத்திலேயே இருக்கும், தொண்டை நனைகிற அளவுக்கு ஒரு மடக்கு, அவ்வளவுதான். 30 வருஷம் அவர்களோடு வேலை செய்தும் நான் காரணம் கேட்டதில்லை. மகள் ஒரு நாள் வேலை இடத்துக்கு வந்தவள் அரை மணி நேரத்தில் கேட்டுச் சொல்லிவிட்டாள். போவதற்கு இடமில்லை. காலையில் 7 மணிக்கு வீட்டில் போனால் சாயங்காலம் 6 மணிக்குத்தான். நடுவில் குடித்தால் எங்கே போவார்கள், உடைமரத்துக்குப் பின்னாலா? நாம் கோடி ரூபாய் வீட்டுக்கு நாலு கழிவறை கட்டுகிறோம், கட்டுகிற பெண்ணுக்கு ஒன்று இல்லை. வெக்கையில் சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தம் ஏற்கெனவே குறைவு என்று மேலே சொன்னேன். அதற்கு மேல் தண்ணீரும் குடிக்காமல், வருகிற சிறுநீரையும் அடக்கினால், வருஷம் பத்தானால் என்ன மிஞ்சும்? தூத்துக்குடி உப்பளத்துப் பெண்கள் சொல்வதும் இதே கதைதான். நாலு சவுக்குக் கம்பு, பழைய தகரம், ஒரு பீங்கான், ஒரு பீப்பாய்த் தண்ணீர். கட்டட வேலை தொடங்கும் முன் சிமெண்டு ஷெட் போடுகிறோமே, அதே நாளில் இதையும் போட்டுவிடலாம். நான் போன வருஷத்திலிருந்து போடுகிறேன். முதல் வாரமே குடம் காலியாகத் தொடங்கிவிட்டது.

உவரி, கூடங்குளம் பக்கம் வேலை எடுக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், சொட்டிக் கீழே விழுகிற வேர்வையால் ஒரு பிரயோசனமும் இல்லை. கடல் ஈரக்காற்றில் 35 டிகிரி, மானூர் கரிசலின் 38 டிகிரியைவிட மோசமாக இருக்கலாம். தெர்மாமீட்டர் தேவையில்லை. பூச்சு எவ்வளவு நேரமானாலும் காயாத நாள், வேர்வையும் காயாத நாள்.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஆள் ஓய்வுக்கு உட்கார்ந்ததும் மணிக்கட்டில் நாடி பிடித்து, செல்போனில் அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 110ஐத் தாண்டினால் அடுத்த தடவை வேலை நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும், ஓய்வு நேரம் அப்படியே. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரை போடுகிறவருக்கு இந்தச் சோதனை ஏமாற்றிவிடும், நாடி அவ்வளவாக ஏறாது. அவருக்குக் கண்ணும் முகமும்தான் கணக்கு.

பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் பேசினாலோ, சாவியைக் கையில் கொடுக்கிறது, சோடா வாயில் ஊற்றுகிறது இதெல்லாம் வேண்டாம். நினைவு தப்பியவன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108க்குப் போன் போட்டுவிட்டு, வண்டி வரும்வரை குளிர வையுங்கள். செங்கல் நனைக்கிற தொட்டி இருக்கிறதே, அதில் இறக்கிக் கழுத்து வரைக்கும் முக்கித் தலையை ஒருவர் பிடித்துக்கொள்ளலாம். தொட்டி இல்லையென்றால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள் குளிர்ந்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடுவான். எந்த ஆஸ்பத்திரியும் அந்த அரை மணி நேரத்தைத் திருப்பித் தர முடியாது.

அரசாங்கத்தைப் பற்றி எழுதவில்லையே என்று யாராவது கேட்பீர்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றது. நல்லதுதான். ஆனால் வேலை இடத்தில் விழுந்தவனை நாமே "நெஞ்சுவலி" என்று சொல்லிக் கொண்டுபோய்ச் சேர்த்தால், வெயில் என்ற வார்த்தை எந்தக் காகிதத்தில் ஏறும்? எத்தனை மணிக்கு விழுந்தான், எவ்வளவு நேரம் வெயிலில் நின்றான், எத்தனையாவது நாள் என்பதை ஆஸ்பத்திரியில் சொல்வது நம் வேலை. நமக்கு வில்லங்கம் வரும் என்று பயந்து நாம் வாயை மூடினால் அந்தக் குடும்பத்துக்குப் போக வேண்டியதும் போகாது.

பனையேறுகிறவர்களைப் பாருங்கள். தை மாசியில் பாளை விடும்போதே ஏறத் தொடங்குவதால் வெயிலோடு சேர்ந்து அவர்கள் உடம்பும் வளர்கிறது. விடிவதற்குள் ஏறி, வெயில் ஏறும்போது இறங்கி, மறுபடி சாயங்காலம்தான். நாம் 9 மணிக்கு ஆளைக் கூப்பிட்டு, 12லிருந்து 3 வரை வறுத்து எடுத்து, 5 மணிக்கு நல்ல காற்று வரும்போது வீட்டுக்கு அனுப்புகிறோம். காலை 6 மணிக்குத் தொடங்கினால் வீட்டுக்காரர்கள் சத்தம் என்று சண்டைக்கு வருவார்கள், உண்மைதான். நான் கொத்து வேலையையும் வெட்டு வேலையையும் பின்னுக்குத் தள்ளி, காலையில் சத்தமில்லாத வேலையைப் போட்டுச் சமாளிக்கிறேன்.

டீக்கடை அண்ணாச்சிக்கு மட்டும் தனியாக. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு எல்லோரும் போய்வந்த பிறகு நீங்கள் வள்ளியூர்ப் பக்கம் தளம் போடத் தொடங்குகிறீர்கள் என்றும், புதுசாக ஒடிசாப் பையன்கள் ஆறு பேர் வருகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். தகர ஷெட்டில்தான் படுக்கை என்றால் மேலே தென்னங்கீற்றாவது போட்டுக் கொடுங்கள், ராத்திரி ஆறாத உடம்பு பகலில் எதையும் படித்துக்கொள்ளாது. என்னிடம் இரண்டு பெரிய தண்ணீர் ட்ரம்மும், நிழலுக்குக் கட்டுகிற ஒரு சுருள் பச்சை வலையும் சும்மா கிடக்கின்றன. ஆள் அனுப்பினால் எடுத்துப் போகலாம். வலையை மட்டும் வைகாசிக்குள் திருப்பித் தந்துவிடுங்கள், எனக்கு மேற்குச் சுவர் ஒன்று பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
பாளையங்கோட்டை.